உங்கள் சென்சார் எவ்வளவு பொய் சொல்லும்?

மாசிக் கடைசியில் பூச்சொரிதல் தொடங்கிவிட்டால் திருச்சியிலிருந்து சமயபுரம் போகும் சாலை இரவிலும் தூங்காது. மஞ்சள் துணி கட்டி, பூத்தட்டு ஏந்தி நடக்கிறவர்களோடு நானும் பல வருடம் நடந்திருக்கிறேன். சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து கிளம்பினால் முதலில் காவிரிப் பாலம், பிறகு கொள்ளிடம், அதைத் தாண்டி நம்பர் ஒன் டோல்கேட். “இன்னும் எவ்வளவு தூரம்?” என்று குழந்தைகள் கேட்டபடியே வருவார்கள். பெரியவர்கள் கால் வலியை வைத்து ஒரு கணக்குச் சொல்வார்கள். நேரம் போகப் போக அந்தக் கணக்கு பிசகும். கொள்ளிடக் காற்று முகத்தில் அடித்ததும் எல்லாருடைய கணக்கும் ஒரே நொடியில் சரியாகிவிடும்.

நகரும் ரோபோ தன் இடத்தையும் வேகத்தையும் கண்டுகொள்வது இப்படித்தான். காலடியை எண்ணுவது ஒன்று. தெரிந்த அடையாளத்தைக் கண்டதும் எண்ணிக்கையைத் திருத்திக்கொள்வது இன்னொன்று. திருவெறும்பூர் பக்கம் ஓர் ஆலையில் முப்பத்து நான்கு வருடம் அளவுக் கருவிகளோடு இருந்துவிட்டு, இப்போது சனிக்கிழமைகளில் சமயபுரம் பக்கத்துக் கல்லூரி ஆய்வகம் ஒன்றில் உங்களோடு உட்கார்கிறேன். ஒவ்வொரு ஆண்டும் புதிதாக வருகிறவர்களிடம் சொல்வதை இந்த முறை எழுதியே கொடுக்கிறேன்.

1. வந்த அன்றே எல்லாச் சென்சாரையும் ஒன்றாகக் கோத்து நிரலை ஓட்டாதீர்கள். முதல் வாரம் முழுக்க ஒவ்வொன்றையும் தனித்தனியாக மேசைமேல் வைத்துப் பாருங்கள். ஜைரோவிலிருந்து தொடங்குங்கள். அசையாமல் வைத்து ஒரு மணி நேரம் பதிவு எடுங்கள். அசையாத பொருளின் திரும்பு வேகம் பூஜ்யமாக இருக்கவேண்டும், அது இருக்காது. நொடிக்கு 0.1 டிகிரி காட்டுகிறது என்று வையுங்கள். சின்ன எண்தானே என்று தோன்றும். ஒரு நிமிடத்தில் அது 6 டிகிரி, ஒரு மணி நேரத்தில் 360. மேசையை விட்டு நகராத ரோபோ, தான் ஒரு முழு வட்டம் சுற்றி வந்துவிட்டதாக நம்பும். 6 டிகிரி திசை தவறி 10 மீட்டர் நேராக ஓடினாலே ஒரு மீட்டர் பக்கவாட்டில் போய் நிற்பீர்கள்.

அந்த 0.1-ஐக் கழித்துவிட்டால் போதுமே என்று போன வருடம் ஒரு பெண் கேட்டாள். நல்ல கேள்வி. கழித்தோம். காலையில் மின்விசிறிக்குக் கீழே கழித்த எண், மதியம் மூன்று மணிக்குப் பொருந்தவில்லை. சிப் சூடேறினால் அதன் பிழையும் நகரும். அதனால் போர்டுக்கு மின்சாரம் கொடுத்துப் பத்து நிமிடம் கழித்தே பூஜ்யம் எடுங்கள். ரோபோ எங்காவது நின்றதும் மறுபடி எடுங்கள். நிற்கிற ஒவ்வொரு கணமும் ஜைரோவைத் திருத்த இலவசமாகக் கிடைக்கிற வாய்ப்பு.

2. சக்கரத்தை நம்புங்கள், அளந்து பார்த்த பிறகு. விட்டம் 100 மில்லிமீட்டர் என்று நிரலில் எழுதியிருப்பீர்கள். பாரம் ஏற்றியதும் ரப்பர் அமுங்கி 98 ஆகியிருக்கும். இரண்டு சதவீதம், 50 மீட்டரில் ஒரு மீட்டர் போயிற்று. இதைவிடப் பெரிய தொல்லை இடது சக்கரமும் வலது சக்கரமும் ஒரே அளவாக இல்லாதது. ஒன்று 100, மற்றது 101 என்று வையுங்கள். இரண்டும் ஒரே எண்ணிக்கை சுற்றி 10 மீட்டர் ஓடினால் ஒரு பக்கம் 10 சென்டிமீட்டர் அதிகம் போயிருக்கும். சக்கரங்களுக்கு இடையே 30 சென்டிமீட்டர் இடைவெளி என்றால் அது ஏறக்குறைய 19 டிகிரித் திருப்பம். கண்ணுக்குத் தெரியாத ஒரு மில்லிமீட்டர் செய்கிற வேலை இது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் போரன்ஸ்டைனும் ஃபெங்கும் தொண்ணூறுகளில் இதற்கு ஒரு சோதனை வகுத்தார்கள். தரையில் 4 மீட்டர் சதுரம் போடுங்கள். கடிகாரச் சுற்றில் ஐந்து முறை, எதிர்ச்சுற்றில் ஐந்து முறை ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் வண்டி தொடங்கிய புள்ளியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று அளந்து குறியுங்கள். ஒரே திசையில் மட்டும் ஓட்டினால் ஒரு பிழை இன்னொரு பிழையை மறைத்துவிடும். திசையை மாற்றி ஓட்டும்போது, சக்கர விட்டத்தின் பிழையும் சக்கர இடைவெளியின் பிழையும் தனித்தனியாக வெளியே வரும். என்னைக் கேட்டால் ஒரு மாதம் நிரல் எழுதுவதைவிட இந்த ஒரு பிற்பகல் அதிகம் கற்றுத்தரும்.

3. திருச்சி வெயிலைக் கணக்கில் சேருங்கள். அல்ட்ராசானிக் சென்சாருக்கான நிரலை எங்கிருந்தோ எடுத்திருப்பீர்கள். அதில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர் என்று இருக்கும். அது 20 டிகிரி குளிருக்கு உரிய எண். இங்கே சித்திரையில் 40 டிகிரி. ஒலி 355 மீட்டர் வேகத்தில் ஓடும். 3 மீட்டர் தள்ளியிருக்கும் சுவரை உங்கள் ரோபோ 2.90 மீட்டர் என்று சொல்லும். சென்சாரில் பழுதில்லை, நாம் கொடுத்த எண்தான் வேறு ஊருடையது. ஒரு வெப்பமானியைப் பக்கத்தில் வைத்துவிட்டால் தீர்ந்தது.

4. காந்தத் திசைகாட்டியைக் கட்டடத்துக்குள் கடைசிச் சாட்சியாக வையுங்கள், முதல் சாட்சியாக வேண்டாம். தளத்துக்குள் கம்பி, சுவரோரம் இரும்பு பீரோ, ரோபோவின் வயிற்றிலேயே மோட்டார். மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் கூடும்போது வடக்கு நகர்வதை நீங்களே திரையில் பார்க்கலாம்.

5. ஆக்சிலரோமீட்டரை இருமுறை தொகையிட்டு தூரம் கண்டுபிடிக்க முயலாதீர்கள். வண்டி ஒரே ஒரு டிகிரி சாய்ந்து நின்றால் புவியீர்ப்பின் ஒரு துளி, 0.17 மீட்டர்/நொடி², முன்னோக்கிய முடுக்கமாகக் கணக்கில் நுழையும். பத்து நொடியில் எட்டரை மீட்டர் பிழை. அந்தச் சென்சாரிடம் சாய்வைக் கேளுங்கள், நன்றாகச் சொல்லும். ஜைரோ வேகமான அசைவைச் சரியாகச் சொல்லி மெல்ல விலகிப் போகும். ஆக்சிலரோமீட்டர் நொடிக்கு நொடி நடுங்கினாலும் நெடுநேரத்தில் விலகாது. இந்த இரண்டையும் சேர்ப்பதுதான் நீங்கள் எழுதவேண்டிய முதல் கூட்டு நிரல். பத்து வரிக்கு மேல் போகாது.

6. இப்போது சேர்ப்பதற்கு வருவோம். இதைத் தாளில், பேனாவால் செய்து பாருங்கள்.

சக்கரச் சுற்றை எண்ணும் என்கோடர் 50 மீட்டர் வந்துவிட்டோம் என்கிறது. சோதனைகளிலிருந்து அதன் பிழை 2 சதவீதம் என்று நமக்குத் தெரியும். எனவே ஒரு மீட்டர் முன்பின். ஜி.பி.எஸ். 52.5 என்கிறது, திறந்த மைதானத்தில் அதன் பிழை 2 மீட்டர் என்று கண்டிருக்கிறோம். சராசரி எடுத்து 51.25 என்று எழுதுகிறவர்கள் இரு சாட்சிகளையும் ஒரே தரமாக நடத்திவிட்டார்கள். பிழையின் வர்க்கத்தைத் தலைகீழாக்கினால் எடை வரும். என்கோடருக்கு 1, ஜி.பி.எஸ்.ஸுக்குக் கால். அதாவது நான்கு பங்குக்கு ஒரு பங்கு. விடை 50.5 மீட்டர். அந்த விடையின் பிழையையும் கணக்கிடுங்கள்: 0.9 மீட்டர் வரும். நல்ல சாட்சியின் பிழையையும்விடக் குறைவு! தரம் குறைந்த ஜி.பி.எஸ்.கூட, அதன் தரம் இன்னதென்று தெரிந்து சேர்த்ததால் நமக்கு உதவிற்று. இந்த இடத்தை நாற்பது வருடத்துக்கு முன் முதன்முதலாகப் புரிந்துகொண்ட நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அன்று இரவு வேலை முடிந்து பேருந்தில் வரும்போது திரும்பத் திரும்ப அந்தக் கணக்கையே போட்டுக்கொண்டு வந்தேன்.

இதே வண்டி 200 மீட்டர் போகட்டும். என்கோடரின் பிழை 4 மீட்டராக வளர்ந்துவிடும். ஜி.பி.எஸ். அன்றும் இன்றும் 2 மீட்டர்தான். எடை தலைகீழாகிவிட்டது: இப்போது ஜி.பி.எஸ்.ஸுக்கு நான்கு பங்கு. காலடிக் கணக்கு ஆரம்பத்தில் மதிப்புள்ளது, போகப் போக மங்குவது. அடையாளம் எப்போதாவது வருவது, வந்தால் மங்காதது.

ஒவ்வொரு கணமும் இந்த எடையைத் தானே மாற்றிக்கொண்டு, ‘இங்கே இருப்பேன்’ என்று முன்கூட்டிச் சொல்லி, அளவு வந்ததும் திருத்திக்கொண்டே போகும் முறைக்குத்தான் கால்மன் ஃபில்டர் என்று பெயர். புடாபெஸ்டில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ருடால்ஃப் கால்மன் 1960-ல் அதை வெளியிட்டார். நாசாவின் ஏம்ஸ் மையத்தில் ஸ்டான்லி ஷ்மிட் அதை அப்பல்லோ பயணத்துக்கு ஏற்றபடி விரித்தார். நீங்கள் கல்லூரியில் ஓட்டும் விரிவாக்கப்பட்ட கால்மன் ஃபில்டர் அந்த வேலையிலிருந்து வந்தது. அதிலுள்ள மேட்ரிக்ஸ் அணிகளைப் பார்த்துப் பயப்படாதீர்கள். மேலே போட்ட 50, 52.5 கணக்கு விளங்கினால் அதன் உயிர் உங்களுக்கு விளங்கிவிட்டது.

7. ஃபில்டருக்குக் கொடுக்கும் பிழை எண்களில் நேர்மையாக இருங்கள். மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

சில வருடங்களுக்கு முன் நான் வழிகாட்டிய ஓர் அணி ஒரு போட்டிக்குப் போனது. வரைபடம் வழவழப்பாக வரவேண்டும் என்பதற்காக, என்கோடரின் பிழைக்கு 0.0001 என்று ஏதோ ஓர் எண்ணைப் போட்டிருந்தார்கள். ஆய்வகத்தில் கோடு அழகாக வந்தது. நானும் பார்த்தேன், கேட்காமல் விட்டேன். போட்டி நடந்த கூடத்தில் அன்று காலை தரையைத் துடைத்திருந்தார்கள். ஓரிடத்தில் ஈரம் காயவில்லை. சக்கரம் வழுக்கிச் சுற்றியது. லேசரால் தூரம் அளக்கும் லிடார் நொடிக்குப் பத்து முறை “சுவர் நாற்பது சென்டிமீட்டரில் இருக்கிறது, முப்பதில் இருக்கிறது” என்று சொல்லிக்கொண்டே இருந்தது. ஃபில்டர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என்கோடர் தவறவே தவறாது என்று நாம்தான் அதற்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தோமே. வண்டி நேராகப் போய்ச் சுவரில் மோதி, லிடாரின் கண்ணாடி மூடி உடைந்தது. மூன்று மாத உழைப்பு. அந்தப் பையன்கள் ஊர் திரும்பும் வரை பேசவில்லை.

தான் எவ்வளவு தவறக்கூடும் என்று தெரியாத ரோபோதான் ஆபத்தானது. ஒரு மீட்டர் தவறும் ரோபோவுக்கு ‘நான் ஒரு மீட்டர் தவறலாம்’ என்று தெரிந்தால் மெதுவாகப் போகும், சுவரை விட்டு விலகிப் போகும். ஆகவே எண்ணை ஊகித்துப் போடாதீர்கள். முதல் வாரம் மேசைமேல் எடுத்த பதிவுகள் இருக்கின்றனவே, அவற்றிலிருந்து எடுத்துப் போடுங்கள். போட்டபின் சோதியுங்கள். ஃபில்டர் எதிர்பார்த்ததற்கும் சென்சார் சொன்னதற்கும் உள்ள வித்தியாசத்தை ஒவ்வொரு முறையும் எழுதி வையுங்கள். நூறு முறையில் ஏறத்தாழ 95 முறை அது, ஃபில்டர் சொல்லும் பிழையின் இரண்டு மடங்குக்குள் விழவேண்டும். எழுபது முறைதான் விழுகிறது என்றால் உங்கள் ரோபோ தன்னை அளவுக்கு மீறி நம்புகிறது. நூறும் அரை மடங்குக்குள் விழுந்தால் தேவைக்கு மேல் சந்தேகப்படுகிறது.

8. இரண்டு சாட்சிகள் ஒரே வாயிலிருந்து கேட்டு வந்தவர்களா என்று விசாரியுங்கள். இடது சக்கர என்கோடரும் வலது சக்கர என்கோடரும் ஒத்துப்போவதால் எதுவும் நிரூபணமாகாது. மணலில் இரண்டும் சேர்ந்தே சுற்றும். 2005 ஏப்ரலில் செவ்வாயில் ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தி ஒரு மணல்மேட்டில் சிக்கியது. ஆறு சக்கரமும் ஒழுங்காகச் சுற்றின, வண்டி நகரவில்லை. மீட்டெடுக்க ஐந்து வாரத்துக்கு மேல் ஆனது. வழுக்கலைச் சக்கரத்திடம் கேட்டு அறிய முடியாது. காமிராவோ லிடாரோ வெளியே பார்த்துச் சொல்லவேண்டும். சென்சார் வாங்கப் பணம் ஒதுக்கும்போது ‘இது எந்த விதத்தில் தவறும், ஏற்கெனவே இருப்பது தவறும் விதத்திலேயே தவறுமா?’ என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

9. நேரமுத்திரையைக் கவனியுங்கள். வண்டி திரும்பும் வேகம் நொடிக்கு 90 டிகிரி, காமிராவின் படம் 100 மில்லிநொடி தாமதமாக வருகிறது என்றால், 9 டிகிரி பழைய திசையைப் புதியது என்று நம்புவீர்கள். அளவு வந்து சேர்ந்த நேரத்தை எழுதாதீர்கள், எடுக்கப்பட்ட நேரத்தை எழுதுங்கள்.

10. லிடார் விலையுயர்ந்தது என்பதால் அதற்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கவேண்டாம். அணியில் புதிதாகச் சேர்ந்தவர்களை ஸ்ரீரங்கத்து ஆயிரங்கால் மண்டபத்தை ஒரு முறை பார்த்துவரச் சொல்வேன். தூண்களுக்கு நடுவே நின்று நான்கு பக்கமும் பாருங்கள். ஐந்து தூண் தள்ளிப் போய் நின்று மறுபடி பாருங்கள். லிடாருக்குத் தெரிவது தூணின் வெட்டுமுகம் மட்டும்; அதற்கு இரண்டு இடமும் ஒரே இடம். எந்த வரிசையில் இருக்கிறோம் என்பதை, நுழைந்த இடத்திலிருந்து காலடி எண்ணி வந்தவரால் மட்டுமே சொல்ல முடியும். உங்கள் கல்லூரியின் நீண்ட வராந்தாவும் இப்படித்தான். இருபுறமும் வழவழப்பான சுவர். பக்கவாட்டில் எங்கே இருக்கிறோம் என்று லிடார் மில்லிமீட்டர் சுத்தமாகச் சொல்லும், முன்னோக்கி எவ்வளவு வந்தோம் என்பதற்கு அதனிடம் பதில் இருக்காது. ஒரு திசையில் நம்பி இன்னொரு திசையில் சந்தேகப்படும்படி ஃபில்டருக்குச் சொல்லுங்கள். பிழையை ஒற்றை எண்ணாக எழுதாமல் மேட்ரிக்ஸ் அணியாக எழுதுவது இதற்காகத்தான்.

11. சந்திரயான்-3-ஐ ஒரு பாடமாகப் படியுங்கள். அதன் திட்ட இயக்குநர் விழுப்புரத்துக்காரரான ப. வீரமுத்துவேல், உங்கள் பக்கத்திலேயே துவாக்குடியில் உள்ள ஆர்.இ.சி.யில், இன்றைய என்.ஐ.டி.யில், எம்.இ. படித்தவர். நிலவில் அதற்கு ஜி.பி.எஸ். உதவி இல்லை. நிலவு முழுவதற்குமான காந்தப்புலம் இல்லாததால் திசைகாட்டி பயன்படாது. காற்றில்லாததால் அல்ட்ராசானிக் ஊமை. மேலே சொன்னவற்றில் இந்த மூன்று சென்சார்களை அங்கே தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான்.

2019 செப்டம்பர் 7 அதிகாலை சந்திரயான்-2-இன் தரையிறங்கி மோதி நொறுங்கியது. அடுத்த முறைக்குச் செய்த மாற்றங்களில் இரண்டை உங்களுக்காக எடுத்துச் சொல்கிறேன். ஒன்று, லேசர் டாப்ளர் வேகமானியைச் சேர்த்தார்கள். ஏற்கெனவே இருந்த லேசர் ஜைரோ, முடுக்கமானி, உயரமானிகள், கிடைவேகக் காமிரா ஆகியவற்றோடு, தரையைப் பார்த்து நேரடியாக வேகத்தைச் சொல்லும் இன்னொரு சாட்சி. வேறு விதத்தில் அளக்கிற, வேறு விதத்தில் தவறுகிற சாட்சி. இரண்டு, இறங்கவேண்டிய இடத்தை 500 மீட்டர் சதுரத்திலிருந்து 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் என்று விரித்தார்கள். ‘இவ்வளவு தவறலாம்’ என்று ஒப்புக்கொண்டு அதற்கு இடம் விட்டார்கள். சென்சார்களையும் வழிகணக்கையும் ஒன்றாக ஹெலிகாப்டரில் கட்டி பூமியிலேயே சோதித்தார்கள். நிலவு மண்ணுக்கு மாற்றாக நம் நாமக்கல் மாவட்டத்து அனார்த்தசைட் பாறையை அரைத்த மண் பயன்பட்டது. 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04-க்கு சந்திரயான்-3-இன் தரையிறங்கியான விக்ரம் இறங்கியது. நான்கு நாள் கழித்து, 26 கிலோ எடையுள்ள அதன் ஊர்தி பிரக்யான், மூன்று மீட்டர் முன்னால் நான்கு மீட்டர் அகலப் பள்ளம் ஒன்றைக் கண்டபோது, வந்த தடத்திலேயே திருப்பி வேறு பாதையில் செலுத்தினார்கள்.

12. கடைசியில், கணக்குக்குள் நுழையாத ஓர் அளவால் கணக்கைச் சரிபாருங்கள். நில அளவையாளர் வில்லியம் லாம்டன் 1802-ல் சென்னையில் ஓர் அடிக்கோட்டைத் தரையில் அளந்து, அங்கிருந்து கோணங்களை மட்டும் வைத்து முக்கோணம் முக்கோணமாகத் தென்னிந்தியாவை அளந்துகொண்டே போனார். குன்றில்லாத இந்தக் காவிரிச் சமவெளியில் அவருக்குக் கோபுரங்களே குன்றுகள். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலில் அரை டன் எடையுள்ள கோணமானியை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி வளைந்தது. அதைப் பிரித்து வாரக்கணக்கில் உட்கார்ந்து தன் கையாலேயே நேராக்கினார். நான் அவரை மதிப்பது அதற்காக மட்டும் அல்ல. 1804-ல் பெங்களூரு அருகே இன்னோர் அடிக்கோட்டைச் சங்கிலி பிடித்து நேரடியாக அளக்கச் செய்து, கணக்கு சொன்ன நீளத்தோடு ஒப்பிட்டார். ஏழு மைலுக்குச் சில அங்குலமே வேறுபட்டது. அந்தச் சில அங்குலத்தையும் எழுதி வைத்தார்.

நீங்களும் அப்படியே செய்யவேண்டும். திரையில் ரோபோ சொல்லும் இடத்தையும் தரையில் அது நிற்கும் இடத்தையும் பக்கம் பக்கமாக எழுதாத அணியின் அறிக்கையில் நான் கையெழுத்திடுவதில்லை. அடுத்த சனிக்கிழமை வரும்போது மடிக்கணினியோடு ஒரு முப்பது மீட்டர் அளவு நாடாவும் இரண்டு சாக்பீஸும் கொண்டுவாருங்கள். வராந்தாவில் 4 மீட்டர் சதுரம் போட்டுத் தொடங்குவோம்.